மாடி வீட்டுக்காரியின் மூக்கு

மோந்து பார்க்கிறாள், ஆமாம். யார் இல்லை என்றது? எங்கள் மாடியில் குடியிருக்கிறவள் எலுமிச்சைத் தோலை மோந்து பார்க்கிறாள், சோப்பை மோந்து பார்க்கிறாள், கொடியில் காயும் என் போர்வையைக்கூட விடுவதில்லை. அதற்காக, "பார்ல வேலை பார்க்கிறவ, குடிச்சுக் குடிச்சுப் புத்தி பிசகிடுச்சு" என்று எதிர்வீட்டுத் தையல்காரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதா? என்னையும் குடிக்கப் பழக்கிவிட்டாளாம். யாரும் பழக்கவில்லை. நானாகத்தான் போனேன், குடித்தேன். கிளாஸில் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் அதையும் குடித்திருப்பேன்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். அவள் படியிறங்கினால் வீட்டுக்கே தெரியும், அப்படி ஒரு நடை. எதற்கும் ஒரே பதில்தான்: "பார்த்துக்கலாம் பாட்டி." குழாய் ஒழுகுகிறது என்றாலும் அதுதான், கல்யாணம் எப்போது என்றாலும் அதுதான். என் இருமல் மருந்தைக் குலுக்கித் தரச் சொன்னால், குப்பியைத் தோளுக்கு மேலே தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். "அது மருந்துடி! மூடி கழண்டுக்கப் போகுது" என்று நான் கத்த வேண்டும்.

தெருமுனை பாரில் அவள்தான் மது கலந்து கொடுக்கிறவள். அங்கே அவளே உண்டாக்கிய காக்டெய்ல் ஒன்று உண்டு. 'சாயங்காலம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். ஆரஞ்சுச் சாறு, இஞ்சி, ஏதோ ஒரு சரக்கு. விஷயம் அதில் இல்லை. ஒரு லவங்கப்பட்டைத் துண்டைக் கொளுத்தி, எழும் புகையின் மேல் கிளாஸைக் கவிழ்ப்பாள். சரியான நேரத்தில் பிடித்தால் புகை மணக்கும், அரை மூச்சு தாமதித்தால் கசக்கும். அந்த அரை மூச்சை அவள் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதைக் குடிக்கவென்றே ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி இல்லை, வலி இல்லை, வாசனை மட்டும் தெரியவில்லை. "தினமும் எதையாவது மோந்து பாருங்க, திரும்பினாலும் திரும்பும்" என்றாராம் டாக்டர். அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். தையல்காரியிடம் எடுத்துச் சொன்னேன். "இப்படியும் ஒரு வியாதியா?" என்று சிரித்தாள். "உனக்கு வாயில வந்திருக்கே, அந்த மாதிரி அவளுக்கு மூக்குல" என்றேன்.

பாரில் கிளாஸ்கள் பாதி குடித்த நிலையில் திரும்பி வந்தன. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நானே குடிச்சுப் பார்க்கிறேன். இதே கசப்புன்னா நான் வேற ஆள் வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று வந்தவள் மாடிக்குப் போகாமல் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "பார்த்துக்கலாம்" என்று சொல்லவில்லை.

"கை எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கு பாட்டி. புகை மட்டும் தெரியல. எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லுங்க."

"என் மூக்கு நல்லாத்தானே இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போ."

வியாழக்கிழமை மத்தியானம், பார் திறப்பதற்கு முன்னால் போனோம். மருந்துக் கடை மாதிரி வரிசையாகக் குப்பிகள். ஈரத் துடைப்பத்தின் வாடை. நாற்காலிகளோ ஏணி உயரம். அவள் என்னைத் தூக்கித்தான் உட்கார வைத்தாள். முதல் கிளாஸை வாயில் வைத்ததும் முகம் கோணிப்போனது.

"எப்படிக் கசக்குது?"

"கசப்புல என்னடி எப்படி? அடுப்புக்கரியைக் கரைச்ச மாதிரி இருக்கு."

மறுபடி கொளுத்தினாள். என் மூக்குக்கு எப்போது போதும் என்று பட்டதோ அப்போது கையைத் தூக்கினேன். பட்டை எந்த இடம்வரை கருகியிருக்கிறது என்று அவள் கண்ணால் பிடித்துக்கொண்டாள். இரண்டு மூன்று பாழாய்ப்போயின. அதற்கப்புறம் ஒன்று வந்தது. முதலில் இனிப்பு, பின்னால் இஞ்சி, கடைசியில் மழை விட்ட பிறகு அடுப்பு மூட்டினால் வருமே ஒரு வாசனை, அது தொண்டையில் தங்கியது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். வெளியே வரும்போது தையல்காரி பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிக்காரி தலையை இறுக்கி முடிந்துகொண்டு படியிறங்கி வந்தாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவளை வழியனுப்ப வெகுநேரமாக வாசலில் நின்றிருந்தேன். "கண்ணால பார்த்தே செஞ்சிடுவே, போ" என்றேன். "ம்" என்றாள். ஒரு காலைத் தெருவில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கழுத்து மெல்லத் திரும்பியது.

"பாட்டி… பால் தீயுது."

என் மூக்குக்கே இன்னும் எட்டவில்லை. பதறி உள்ளே ஓடினேன். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். பாலெல்லாம் வற்றி, அடி கருத்துப் புகைந்துகொண்டிருந்தது. அணைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க பாட்டி. இன்னும் கொஞ்சம் தீயட்டும்."

அப்புறம் அவளே அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைக் கரித்துணியால் பிடித்துத் தூக்கி, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது, புகையாகவும் இருக்கலாம். அந்தக் கருகின பாத்திரத்தோடு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். இவள் அவளைத் தாண்டி, பாத்திரத்தை மோந்துகொண்டே, தெருமுனையை நோக்கிப் போனாள்.