காரப்பொடியின் வெளிச்சம்

தமயந்தியின் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் மீன் விற்றவர் யாரும் இல்லை. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். கல்யாணமாகி பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு வந்தபோது அவள் கணவன் சின்னப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் அவனுக்கு வேலை இருக்காது. அந்தச் சந்தில் எல்லாரும் ஏரி மீனையே தின்றுகொண்டிருப்பதைப் பார்த்த தமயந்தி, யாரிடமும் யோசனை கேட்காமல் ஒரு கூடையை வாங்கிக்கொண்டு சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினாள்.

மெட்ராஸிலிருந்து ஐஸ் போட்டு வரும் கடல்மீனில் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் ஹோட்டல்காரர்கள் முதலிலேயே அள்ளிக்கொள்வார்கள். அவள் கைக்கு எட்டியது காரப்பொடி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மீன். வெள்ளித் தகட்டை வெட்டி வைத்தது மாதிரி இருக்கும். முள் அதிகம், ஆனால் புளிக்குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். கூலி வேலைக்காரர்கள் வாங்கித் தின்னக்கூடிய கடல்மீன் அது ஒன்றுதான். நாலைந்து வருஷத்தில் ‘காரப்பொடி தமயந்தி’ என்றால்தான் அந்தப் பக்கத்தில் அவளைத் தெரியும் என்றாகிவிட்டது.

தொண்ணூற்றாறில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அது நடந்தது.

சந்தின் கடைசி வீட்டில் பெட்டி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. வேலை முடிந்து வரும் வழியில் தமயந்தியின் கூடையில் கடைசியாகக் கிடந்த காரப்பொடியை வாங்கிப் போனாள். ஓர் அலுமினியச் சட்டியில் கொட்டி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, புடவை மாற்றப் போனாள். கரண்ட் போயிற்று. தீப்பெட்டி எடுக்க அடுப்படிக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சட்டிக்குள் நீல வெளிச்சம். கேஸ் அடுப்பை ரொம்பச் சின்னதாக வைத்தால் வருமே, அந்த மாதிரி நீலம். மீன் மீனாக, வரிசை தெரிகிற அளவுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

பெட்டி போட்ட சத்தத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. கரண்ட் இல்லாததால் எல்லாரும் நன்றாகவே பார்த்தார்கள். ஒருவர் பாஸ்பரஸ் என்றார். இன்னொருவர், கெட்டுப் போகாமல் இருக்க மருந்து அடிக்கிறார்கள் என்றார். பிசாசு என்று சொன்னவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் அன்றைக்கு வாந்தி எடுத்திருந்தான். அவன் மீனே சாப்பிட்டிருக்கவில்லை. அதை யார் கேட்டார்கள்? மறுநாள் காலையில் தெரு சாக்கடையில் காரப்பொடி மிதந்தது.

தமயந்தி பெட்டியின் வாசலுக்குப் போனாள்.

“பெட்டிக்கா, நான் ஒண்ணும் கலக்கலக்கா. மார்க்கெட்ல எடுத்தத அப்படியே கொண்டாந்தேன்.”

“அப்போ மீனு தன்னால லைட்டு போட்டுக்கிச்சா? எம் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட இருந்தேன்டி. போயிடு, எதுனா சொல்லிடப் போறேன்.”

யாரோ புகார் கொடுத்திருக்க வேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கூடையிலிருந்து ஒரு பிடி மீனை பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு, “ரிப்போர்ட் பரோவரெகூ மாரபேடி அம்மா” என்றார் கன்னடத்தில். ரிப்போர்ட் வரும்வரை விற்கக் கூடாது.

சின்னப்பாவுக்கு இதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. “விட்டுத் தள்ளு தமயந்தி. நாளையிலேர்ந்து ரோகு, கட்லா எடுத்து வந்து வித்துக்கோ. ஏரி மீனு லைட்டும் போடாது, ஒண்ணும் போடாது.”

“அதுக்கில்லைங்க. இத்தினி வருஷமா நம்ம புள்ள பிரபாவுக்கு இதையேதான் ஊட்டிக்கினு இருக்கேன். வித்தது விஷமா இல்லையான்னு எனக்குத் தெரியணும். தெரியாம எந்த மீனையும் நான் தொடமாட்டேன்.”

முதலில், தெரு சொன்னது உண்மைதானா என்று பார்த்தாள். மார்க்கெட்டுக்குப் போய்க் கொஞ்சம் காரப்பொடி வாங்கி வந்தாள். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, கதவின் இடுக்கில் துணி அடைத்து, தட்டில் மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது தட்டு இருந்த இடத்தில் லேசாக ஒரு மினுமினுப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அது போகவில்லை. பெட்டி பொய் சொல்லவில்லை.

அங்கிருந்து அலைச்சல் ஆரம்பித்தது. சுகாதார ஆபீஸில் “இன்னும் வரலம்மா” என்றார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் மீனையெல்லாம் பார்க்க முடியாது என்றார்கள். அங்கே பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெண், காலேஜில் பிராணிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் இருப்பார்கள், அவர்களைக் கேட்டுப் பார் என்றாள். பக்கத்தில் எந்தக் காலேஜ் என்று விசாரித்து, மறுநாளே மீனை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஐஸ் போட்டு டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போனாள். படித்தவர்கள் இருக்கும் இடத்துக்கு வாடையோடு போகக் கூடாது என்பது அவள் எண்ணம்.

விலங்கியல் துறையில் ஸ்ரீகண்டன் என்ற லெக்சரர் இருந்தார். தமிழர், நாற்பது வயதிருக்கும். அவள் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார்.

“எங்க பாடத்துல தவளையும் கரப்பான்பூச்சியும்தாம்மா வரும். கடல் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்! சரி, வந்துட்டீங்க. பிசிக்ஸ்ல ஒரு இருட்டறை இருக்கு. பார்த்துடலாம்.”

இருட்டறையில் இருவரும் நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள். மீன் மின்னவே இல்லை.

“ஒண்ணும் இல்லையேம்மா. நீங்க வெச்ச தட்டு எங்கேயாவது வெளிச்சத்துல பளபளத்திருக்கும்.”

“இல்ல சார், நானே பாத்தேன்.”

“வேற மீன் இருந்தா ஒரு நாள் கொண்டு வாங்க” என்று அவர் சொன்னது, அவளை அனுப்பிவைப்பதற்காகத்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவமானத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. நேற்று மின்னிய மீன் இன்றைக்கு ஏன் மின்னவில்லை? வீட்டில் அதே கூறிலிருந்து எடுத்துக் கழுவாமல் வைத்திருந்த மீன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மறுபடி கம்பளியைத் தொங்கவிட்டாள். அது மின்னியது. பாதியை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசினாள். அலசியது அணைந்துபோயிற்று. அலசாதது அப்படியே இருந்தது. கழுவின கைதான் வெளிச்சத்தை அழித்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

அடுத்த வாரம் கழுவாத மீனும் கழுவின மீனுமாகக் காலேஜுக்குப் போனாள். வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே விட்டார். ஸ்ரீகண்டனுக்கு அன்று வகுப்பு இருந்தது. முடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இருட்டறையில் இந்தத் தடவையும் முதலில் ஒன்றும் இல்லை. அவர் கதவுப் பக்கம் திரும்பியது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

“கொஞ்சம் இருங்க சார். கண்ணு பழகணும்.”

சற்று நேரத்தில் அவர் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவர் பேச்சே வேறாகிவிட்டது. கழுவின மீன் ஒன்றையும் எடுத்து அந்த இருட்டிலேயே தடவித் தடவிக் கத்தரியால் பிளந்தார். தொண்டைப் பக்கத்தில், இரை இறங்குகிற குழாயைச் சுற்றி, ஒரு சின்ன வளையம் நீலமாக எரிந்தது. மீனின் வெளியே அணைந்தது உள்ளே அணையவில்லை.

“எனக்கு ஒரு வாரம் குடுங்கம்மா. படிச்சுட்டுச் சொல்றேன்” என்றார். வாரம் பல வாரமாயிற்று. அவர் ஊரிலுள்ள நூலகங்களில் தேடினார்; மெட்ராஸில் கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் நண்பர் ஒருவருக்கு போன் போட்டார். தமயந்தி அதுவரை எந்த மீனும் விற்கவில்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். சின்னப்பா ரோகு என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள்.

கடைசியில் அவர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் பலகையில் ஒரு மீனைப் படுக்க வைத்துக்கொண்டு சொன்னார்.

“இது விஷமில்லம்மா. இந்த மீன் தன் தொண்டையைச் சுத்தி ஒரு பையில கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வளர்க்குது. பாக்டீரியா. அதுங்கதான் வெளிச்சம் குடுக்குது. அந்த வெளிச்சம் மீனோட காத்துப்பையில பட்டு, வயித்து வழியாக் கீழே பரவும்.”

“மீனுக்கு எதுக்கு சார் லைட்டு?”

“ஒளிஞ்சுக்கறதுக்கு.”

தமயந்தி சிரித்துவிட்டாள். “லைட்டு போட்டுக்கினு யாருனா ஒளிவாங்களா?”

“பகல்ல கடலுக்குள்ள இருந்து அண்ணாந்து பார்த்தா மேலே வெளிச்சமா இருக்கும். நடுவுல இந்த மீன் கருப்பு நிழலாத் தெரியும். கீழே இருக்கிற பெரிய மீன் அந்த நிழலைப் பார்த்துத்தான் பாயும். இது வயித்துல லேசா வெளிச்சம் போட்டுட்டா, நிழல் மேல இருக்கிற வெளிச்சத்தோட கலந்துடும். பெரிய மீன் கண்ணுக்கு அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். இன்னொண்ணும் சொல்றாங்க. சில வகையில ஆண் மீன் அதையே அணைச்சு அணைச்சுப் போட்டுப் பெண் மீனுக்கு ஜாடை காட்டுமாம்.”

கழுவினால் ஏன் அணைகிறது என்று கேட்டாள். உப்புத்தண்ணீரில் வாழ்கிற உயிர், நல்ல தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்றார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

“தொண்டைல வெளிச்சம் இருந்தா அது இயற்கை. உடம்பு முழுக்க மின்னினா, உள்ளே இருந்தது வெளியே வந்து தோல் மேல பெருகியிருக்குன்னு அர்த்தம். மீன் ஈரத்தோட ரொம்ப நேரம் கிடந்திருக்கணும். குழம்பாக் கொதிச்சா அது செத்துடும். இருந்தாலும், பழசு பழசுதான்.”

அன்றைக்குப் பெட்டிக்கு விற்றது காலையில் எடுத்த மீன். சாயங்காலம்வரை ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. ஐஸ் மத்தியானமே கரைந்துவிட்டிருந்தது. இது தமயந்திக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரும்படி தெருவில் எல்லாரையும் கூப்பிட்டாள். ஸ்ரீகண்டன் வருவதாகச் சொல்லியிருந்தார். காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று காலையில் ஆள் வந்து சொன்னான். தள்ளிப் போடலாம் என்றான் சின்னப்பா. “கூப்பிட்டது நானு. நானே சொல்றேன்” என்று அவள் கம்பளியைக் கட்ட ஆரம்பித்தாள்.

ஒற்றை அறை வீடு. பத்துப் பேருக்கு மேல் நிற்க முடியாது. முதல் கும்பல் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

“ஒண்ணும் காணோமே. வீட்டுக்குள்ள வெச்சு எங்களப் பிசாசு பிடிக்க வெக்கப் போறியா?” என்று யாரோ சொல்ல, சிரிப்பு.

“வாய மூடிக்கினு நில்லுங்க. கண்ணு பழகட்டும்.”

சிரிப்பு மெல்ல அடங்கியது. தட்டில் நீலம் தெரிந்தது. ஒரு குழந்தை “அய்யோ, அழகா இருக்கு” என்றது. தமயந்தி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, “இது நம்ம தெருக் குழாத் தண்ணி” என்று சொல்லி ஊற்றி அலசினாள். வெளிச்சம் மங்கி மங்கிப் போயிற்று. பிறகு அதே மீனைக் கீறித் தொண்டை வளையத்தைக் காட்டினாள். கடலுக்கு அடியில் பெரிய மீன் அண்ணாந்து பார்ப்பதையும் நிழல் மறைவதையும் தன் கையையே மீனாக்கிச் சொன்னாள். இருட்டில் அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

“அதெல்லாம் சரி. எங்க வீட்ல ஏன் உடம்பெல்லாம் எரிஞ்சிச்சு?” பெட்டியின் குரல். அவள் எப்போது உள்ளே வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

சின்னப்பா மனைவியின் முழங்கையைத் தொட்டான். பேசாமல் இரு என்று அர்த்தம். அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

“அது காலைல எடுத்த மீனுக்கா. சாயங்காலம் வரைக்கும் ஐஸில்லாம வெச்சிருந்தேன். விஷமில்ல. ஆனா பழசு. பழசத்தான் உனக்குக் குடுத்தேன். இனிமே உச்சிப்பொழுதுக்கு மேல காரப்பொடி விக்கமாட்டேன்.”

கதவைத் திறந்ததும் வெயிலில் கண் கூசியது. அடுத்த கும்பல் வெளியே காத்துக்கொண்டிருந்தது.

சுகாதார ஆபீஸ் ரிப்போர்ட்டும் பின்னால் வந்தது. ரசாயனம் எதுவும் இல்லை என்றிருந்தது. தமயந்தி மறுபடி கூடையை எடுத்தாள், கூடவே தெர்மகோல் ஐஸ் பெட்டி ஒன்றையும். முதல் மாதம் பாதி வியாபாரம்கூட இல்லை. சில வீடுகள் அதற்கப்புறம் அவளிடம் வாங்கவே இல்லை. ஆனால் மத்தியானம் மீந்ததைத் தெருவே பார்க்கத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். அதைப் பார்த்தே பலர் திரும்பி வந்தார்கள். இரண்டாயிரத்து இரண்டில் மார்க்கெட் ரோட்டில் ஒரு சின்னக் கடை எடுத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ரீகண்டனின் மாணவர்கள் கழுவாத காரப்பொடி கேட்டு அங்கே வருவார்கள்.

பெட்டி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ரொம்ப நாள் பேசவில்லை. கடை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் கூடைக்கு எதிரே நின்றாள்.

“சாயங்காலம் விக்கமாட்டேன்னுட்ட. நான் வேலை முடிச்சு வர்றதே சாயங்காலந்தான். நாங்க மீனு தின்ன வேணாமா?”

“இப்பவே சொல்லிட்டுப் போக்கா. சுத்தம் பண்ணி, மஞ்சளும் உப்பும் தடவி, ஐஸ்ல வெச்சிருக்கேன்.”

பெட்டி கூடையைக் கிளறிப் பார்த்தாள். “காரப்பொடி வேணாம். நீ சொன்னதெல்லாம் நெசந்தான், ஆனா அந்தச் சட்டி இன்னும் என் கண்ணுலயே நிக்குது. நெத்திலி வை.”

“எவ்ளோ?”

“நாலு பேருக்கு” என்று சொல்லிக்கொண்டே பெட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.