சம்பந்தியம்மாவிடம் கேட்க மூன்று கேள்விகள்

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறவருக்கு முதல் மாதம் முழுக்க ஒரே வேலைதான்: "புரியவில்லை" என்று மாணவர்களை வாய்விட்டுச் சொல்லவைப்பது. மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் மகாஜனங்களே, உங்களுக்கும் இந்தத் தலைவலி தெரிந்திருக்கும்.

தலையாட்டும் வகுப்பு

திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் என் வகுப்பு. ஐ.டி. வேலைக்காகப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார் மயிலம் பக்கத்து வசந்தாம்மா. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயம். ஸ்பெயினில் சமையல்காரராக இருக்கும் மகன் அந்த ஊர்ப் பெண்ணையே விரும்பிவிட்டான்; தை மாதம் மயிலம் மலைக்கோயிலில் கல்யாணம். பெண்ணின் அம்மா முன்கூட்டியே வந்து இவர் வீட்டில் தங்கப்போகிறார். மகனை நடுவில் வைக்காமல் சம்பந்தியோடு தானே பேசவேண்டும் என்பது வசந்தாம்மாவின் ஆசை.

நான் எதைச் சொன்னாலும் அழகாகத் தலையாட்டுவார். திருப்பிக் கேட்டால் முழிப்பார். "அப்ப எதுக்கும்மா தலையாட்டினீங்க?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டுவிட்டேன்.

"நீங்க தொண்டை வறள சொல்லிக்கினு இருக்கீங்க டீச்சர், புரியலன்னு எப்படிங்க சொல்றது?"

மூன்றே மூன்று

அன்றோடு இலக்கணத்தை மூட்டைகட்டினேன். பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன். தெரியாத வார்த்தை வந்தால் "கே சிக்னிஃபிகா?", அதாவது அதற்கு என்ன அர்த்தம். ஒரு பொருளைக் காட்டி "கோமோ சே யாமா எஸ்தோ?", இதற்கு என்ன பேர். வேகமாகப் பேசினால் "புவேதே ரெபெத்தீர்?", இன்னொரு தடவை சொல்லமுடியுமா.

பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தார்கள். வசந்தாம்மா முகம் மட்டும் வாடிவிட்டது.

"சம்பந்தி வூட்டுக்காரங்களையே கேள்வி கேக்கறதா? குத்தமா எடுத்துக்கினா கல்யாணமே பேஜாராயிடும் டீச்சர்!"

பேருந்தில் ஒத்திகை

ஆனாலும் மனுஷி விடவில்லை. கேட்டுப் பழக விழுப்புரம் பஸ்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஜன்னல், கம்பி, டிக்கெட் பை என்று எதைப் பார்த்தாலும் விரலை நீட்டி "கோமோ சே யாமா எஸ்தோ?" வகுப்பு முடிந்து அதே பஸ்ஸில் நானும் போனதால் கண்ணால் பார்த்தேன். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"எறங்கற ஊரை மட்டும் தமிழ்ல சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

சாப்பாட்டு நேரம்

மகனும் பெண்ணும் சம்பந்தியம்மாவை அழைத்துக்கொண்டு வந்ததும் என்னையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். இலையில் பாதி சாப்பாடு அப்படியே இருக்க, அந்த அம்மாள் வசந்தாம்மா கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ படபடவென்று சொன்னார். கண் கலங்கியிருந்தது. மகன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். வசந்தாம்மா அவனைக் கையமர்த்திவிட்டு "புவேதே ரெபெத்தீர்?" என்றார்.

சம்பந்தியம்மா குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார். அதில் "மியேதோ" என்று ஒரு வார்த்தை. "கே சிக்னிஃபிகா மியேதோ?" என்றார் வசந்தாம்மா. அந்த அம்மாள் தன் நெஞ்சில் கைவைத்து நடுங்கிக் காட்டினார். மகளைக் காட்டினார், பிறகு அந்த வீட்டுத் தரையைக் காட்டினார். வசந்தாம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தன் நெஞ்சிலும் கையை வைத்து "மியேதோ" என்றார்; மகனைக் காட்டினார், பிறகு எங்கேயோ தூரத்தைக் காட்டினார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், சொல்வதில் வெட்கம் என்ன.

கை கழுவும்போது வசந்தாம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவங்க பொண்ணு இங்கியே தங்கிடுமோன்னு அவங்களுக்குப் பயம், எம் புள்ள அங்கியே தங்கிடுவானோன்னு எனக்குப் பயம், ஒரே வார்த்தையத்தான் ரெண்டு பேரும் வெச்சிக்கினு இருந்தோம் டீச்சர்."

இனிச் சந்தேகம் எதுவானாலும் சம்பந்தியிடமே கேட்டுக்கொள்கிறாராம், ஆகவே என் வகுப்பில் ஓர் இடம் காலி.