வேவனி செம்பிள் அட்டையை எடுத்தார்

வேவனி செம்பிள் கடவுளைக் கைவிட்டுவிட்டார் என்ற செய்தி எனக்கு முடிதிருத்தும் சத்தர்பாலின் நாற்காலியில் கிடைத்தது. கழுத்தில் கத்தி இருக்கும்போது காதில் விழும் செய்தியை மறுக்க முடியாது.

"கோர்ட்டுல நின்னு, பைபிள் வேணாம்னுட்டாங்களாம்" என்றார் சத்தர்பால். "அந்தக் கடவுள் இல்லாத அட்டையைக் கையில எடுத்தாங்களாம். யாரு? நம்ம வேவனி."

பாதி மீசையோடு வெளியே வந்தபோது, இதைச் சரிபார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

நியூ ஹார்லெம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குள் கால் வைத்த எவருக்கும் வேவனியைத் தெரியும். இருபத்தாறு வருடமாக அங்கே சாட்சிகளுக்குச் சத்தியம் செய்துவைக்கும் அம்மா. "எந்தப் புத்தகம்?" என்று கேட்பார். பைபிள், கீதை, குர்ஆன். மூன்றும் வேண்டாம் என்பவருக்கு, உண்மை சொல்வதாக வெறுமனே உறுதி கூறும் அட்டை. மூன்று மதத்தாரும் கலந்து வாழும் எங்கள் பெர்பிஸ் கரையில் இந்தக் கேள்விக்கு வரும் பதில் எப்போதும் மதத்தைப் பொறுத்தது அல்ல. பொய் சொல்ல வந்த இந்து பைபிளைக் கேட்பான். பொய் சொல்ல வந்த கிறிஸ்தவன் பைபிளை வாங்கி, சத்தியத்துக்காக அதை முத்தமிடும் சாக்கில் தன் கட்டைவிரலை முத்தமிடுவான். வேவனி எல்லாக் கட்டைவிரல்களையும் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை.

செய்தி உண்மைதான். பக்கத்து வீட்டு பாஸ்மத்தியின் வெண்டைக்காய்ப் பாத்தியை ஒரு மாடு மேய்ந்த வழக்கில், பார்த்த சாட்சி வேவனி. அன்று அவருக்குப் பதிலாக நின்ற ஊழியர் மரியாதையோடு பைபிளை நீட்டினார். வேவனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அட்டையைக் குடுங்க" என்றார். பிறகு மாட்டின் நிறம், கொம்பு, அது தின்ற நேரம் எல்லாம் பிசகாமல் சொன்னார். பாஸ்மத்தி ஜெயித்தாள். வேவனிதான் மாட்டிக்கொண்டார். மெதடிஸ்ட் சபையில் பத்தொன்பது வருடமாக வியாழன்தோறும் வேதபாட வகுப்பு நடத்துபவர் அவர். பைபிளைத் தொட மறுத்தவரிடம் அந்த வகுப்பை விட்டுவைக்கலாமா என்று ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடிப் பேசுவதாக அறிவிப்பு வந்தது.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மரவள்ளி கேக்கை ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார்.

"நம்பிக்கை போயிடுச்சா?"

"கேக்குக்குத் தேங்காய் போதுமா பாருங்க."

"போதும். ஏன் அட்டை?"

"சொன்னா கோர்ட்டுல பலருக்குத் தலைவலி. சொல்லலைன்னா எனக்கு மட்டும். இன்னொரு துண்டு?"

அந்த வகுப்பு போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேக் வெட்டிய கத்தியைக் கழுவப் போனார்.

ஞாயிறு கூட்டத்தில் எழுந்து கேட்டவர் ஓவிட் கடோகன், சபையின் மூத்த காரியக்காரர். "சிஸ்டர் செம்பிள், இந்தா இருக்கு நம்ம சபை பைபிள். இதுல கை வச்சு, நீங்க விசுவாசின்னு சொல்லுங்க. விஷயம் முடிஞ்சுது."

வேவனி நேராக வந்து கை வைத்தார், சொன்னார். கூட்டம் குழம்பியது.

"அப்ப கோர்ட்டுல ஏன் வேணாம்னீங்க?"

"இதை கோர்ட்டுக்குக் குடுத்துடுங்க பிரதர். குடுத்தப்புறம் சொல்றேன்."

கடோகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. திங்கள் காலை அவரே அந்தப் பைபிளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார். சபையில் பாதி அவர் பின்னால் வந்தது. மாஜிஸ்திரேட் அம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, "பழையதுக்கு என்ன?" என்றார்.

வேவனி பழைய பைபிளின் தோலுறையைத் திறந்து மேசைமேல் வைத்தார். யோபு புத்தகம் வரைக்கும், அதாவது பாதிவரை, பைபிள். அதற்குப் பிறகு ஒரு மரப்பலகை. பின்னாலிருந்து தின்றுகொண்டு வந்த கறையான் பொறுமைசாலியான யோபுவிடம் வந்து ஏனோ நின்றிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய மழையில் நடந்தது. சாட்சியின் கையில் உறை தொய்ந்துபோகக் கூடாதென்று பலகையை அளவாக வெட்டிச் சொருகியவர் வேவனி. "புத்தகம் பழசாகிவிட்டது, புதியது தேவை" என்று மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதினார். இருப்பதைக் கவனமாகப் பயன்படுத்தவும் என்று ஒரு பதில் வந்தது.

"இது வெளிய தெரிஞ்சா மூணு வருஷத் தீர்ப்பும் செல்லாதுன்னு வக்கீலுங்க கிளம்பிடுவாங்கன்னு பயந்தேன்" என்றார் வேவனி. "மத்தவங்களுக்கு நீட்டறது என் வேலை, நீட்டினேன். நானே பலகையைப் பிடிச்சுக்கிட்டு ஆண்டவர் பேரைச் சொல்ல மனசு வரலை."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார் மாஜிஸ்திரேட். "சத்தியம் சொன்னது அவங்க வாய். பலகை இல்ல. ஒரு தீர்ப்பும் அசையாது."

மூன்று வருடப் பயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. வேவனி உட்கார நாற்காலி தேடினார்.

கீதையையும் குர்ஆனையும் நானே கேட்டு வாங்கிப் புரட்டினேன். இரண்டும் முழுசு. கோயில்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து சிவப்புத் துணி மாற்றுகிறார்கள், மசூதியிலிருந்தும் ஆள் வந்து பார்க்கிறார். ஊரில் ஐந்து சர்ச்சுகள். பைபிளை மற்ற நான்கில் ஏதோ ஒன்று பார்த்துக்கொள்கிறது என்று ஒவ்வொன்றும் நிம்மதியாக இருந்திருக்கிறது.

வாசலில் கடோகன் வேவனியை ஓரமாக அழைத்தார். முகம் திடீரென்று தெளிந்திருந்தது. போன வருடம் ஒரு வேலித் தகராறில் சாட்சி சொன்னவர் அவர்.

"அப்ப... நான் பண்ணின சத்தியம் பாதிப் புத்தகத்து மேலதானே, சிஸ்டர்?"

"பொய்ச்சாட்சி கூடாதுங்கற பக்கம் முன்பாதியில இருக்கு பிரதர். கறையான் தொடவே இல்ல."

வேவனியைச் சந்தேகித்ததற்குச் சபை முன்னால் மன்னிப்புக் கேட்பதாகக் கடோகன் அங்கேயே ஒப்புக்கொண்டார். வியாழன் வகுப்பு வேவனியிடமே இருக்கிறது. முன்பைவிட ஆறு பேர் அதிகம். பலகைக் கதையை அவர் வாயாலேயே கேட்க வருகிறார்கள், அவரும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய முதல் ஞாயிறு கடோகனுக்குத் தொண்டைக்கட்டு. இரண்டாவது ஞாயிறு சகோதரியைப் பார்க்க லிண்டன் போனார். மூன்றாவது ஞாயிறு, வீட்டில் விளைந்ததென்று ஒரு பெரிய பூசணிக்காயை ஆள் மூலம் அனுப்பிவைத்தார். வேவனி அதை இறால் போட்டுச் சமைத்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்.

"ருசியா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார். "அது வேற கணக்குன்னும் சொல்லுங்க."