ஆளுக்குப் பத்து நிமிடம்

பிள்ளைகளிடம் பாரபட்சம் பார்த்ததே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வீர்களா? சொல்வதாக இருந்தால், அதற்கு முன்னால் இந்தக் கண்ணாடிக்காரரைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். அவரும் அப்படித்தான் சொன்னார். கடிகாரத்தைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டே சொன்னார்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவருக்கு முப்பத்தொரு வருடம். முன்னால் வெளிச்சமான கூடத்தில் விற்பனை. பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், ஜன்னலில்லாத சின்ன அறையில் அவர். கண் பரிசோதிக்கும் அம்மா அனுப்பும் சீட்டைப் பார்த்து லென்ஸை எடுத்து, மையம் குறித்து, ஈரச் சக்கரத்தில் ஓரம் தேய்த்து, சட்டத்தில் பொருத்தித் துடைத்துக் கொடுக்க வேண்டும். சக்கரம் ஓடும்போது யாரோடும் பேச முடியாது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

வீட்டிலும் பேச ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். மகன் தூரத்து நகரத்தில், மகள் பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தொலைவில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் போனோடு மேசைமுன் உட்காருவார். மகனுக்குப் பத்து நிமிடம், மகளுக்குப் பத்து நிமிடம். ஒரு நிமிடம் கூடாது, குறையாது.

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா சபையில் முன்வரிசைக்காரர். பக்கத்து இருக்கை எப்போதும் மூத்த மகனுக்கு. யாராவது விசாரித்தால் மூத்தவன் தோளில் கைபோட்டு, "இவன்தான் என் மகன்" என்பார். பிறகு பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் இளையவனைத் தாடையால் காட்டி, "அவனும் இருக்கான்" என்பார். அந்த "அவனும் இருக்கான்" ஐம்பது வருடமாக இவருடைய காதைவிட்டு இறங்கவில்லை.

ஞாயிறு பள்ளியில் ஒரு கதை சொன்னார்கள். பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் பலவர்ண அங்கி செய்து கொடுத்த தகப்பன், பொறாமையில் அந்தத் தம்பியைக் குழியில் தள்ளிய அண்ணன்மார். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் குழியில் கிடந்தவனுக்காக இரங்கின. இவருக்கு மட்டும் அங்கி கொடுத்தவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பின்னாளில் மகன் பிறந்து, ஐந்து வருடம் கழித்து மகளும் பிறந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு ஜெபித்தார்: "ஆண்டவரே, என் வீட்ல அங்கி கிடையாது."

சொன்ன வார்த்தை தவறவில்லை. ஆப்பிளை நறுக்கினால் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். மகனுக்குச் சைக்கிள் வாங்கிய அன்றே மகளுக்கும், அதே உயரத்தில், ஒன்று வாங்கினார். அவளுக்கு அப்போது நாலு வயது. அவள் கால் பெடலுக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. "இவ எப்பங்க இதை ஓட்டுறது?" என்று மனைவி கேட்டாள். "அது அவ பாடு. நாளைக்கு எனக்கு ஏன் வாங்கலைன்னு கேட்டுடக் கூடாது பாரு."

ஆனால் பிள்ளைகள் ஒரே அளவில் பிறக்கவில்லை. மகன் வாயைத் திறந்தால் பொரி பொரிவதுபோல வார்த்தை தெறிக்கும். மகளுக்குச் சொல் தொண்டையில் வந்து நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடி, அந்த ஒரு எழுத்தைத் தாண்ட அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் ஊரே அவளுக்கு வாக்கியத்தை முடித்து வைத்தது. மனைவி மட்டும் முடிக்க மாட்டாள். அடுப்பில் எதையாவது கிளறியபடி, திரும்பிப் பாராமல், வருகிறபோது வரட்டும் என்று நிற்பாள். அவள் போன பிறகு அப்படி நிற்க யாரும் இல்லை.

மகள் துணி வெளுக்கும் கூடத்தில் தேய்ப்பு வேலைக்குப் போனாள். நீராவி இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை.

ஒரு ஞாயிறு, மகன் தன் பத்து நிமிடத்தில் புது மேலாளர், பல்வலி, மாமியார் வாங்கிய பூனை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனான். அடுத்து மகள்.

"அ... அப்பா, ஒரு வி... வி..."

"சொல்லும்மா."

"ஆ... ஆஸ்ப..." நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றது. கடிகார முள் வந்து சேர்ந்தது.

"அடுத்த வாரம் சொல்லும்மா. அண்ணனுக்கும் இதேதான், உனக்கும் இதேதான். சரியா?"

அடுத்த வாரம் அவள் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு குறுஞ்செய்தி: "நலம். வேலை இருக்கிறது." பிறகு அதுவும் இல்லை. அவர் விடாமல் அடித்தார். எடுக்காத போனைக் காதில் வைத்தபடி அந்தப் பத்து நிமிடமும் உட்கார்ந்திருப்பார். தங்கை போனை எடுப்பதில்லை என்று தெரிந்த மகன், "அவ எடுக்கலைன்னா என்கிட்டயே இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்களேன்" என்றான். "அது அவளோட நேரம்டா" என்று வைத்துவிட்டார். எட்டு ஞாயிறு இப்படியே போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் வீடு எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்தது. குழாயில் சொட்டும் தண்ணீர் பக்கத்து அறையிலிருந்து கேட்டது.

ஒரு புதன்கிழமை காலை கடைக்கே மகனின் போன் வந்தது.

"அப்பா, அவளுக்கு வயித்துல கட்டியாம். போன மாசமே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. கெட்ட கட்டி இல்லையாம், பயப்படாதீங்க. அவ பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொல்ல ஆரம்பிச்சாளாம்ப்பா. நீங்க டைம் ஆச்சுன்னுட்டீங்களாம்."

"உனக்கும் அதே பத்து நிமிஷம்தானே கொடுத்தேன்."

மகன் குரலைத் தாழ்த்தினான். அவனுக்கு அது அபூர்வம். "எனக்கு அஞ்சே போதும்ப்பா. மிச்ச அஞ்சு நிமிஷம் பூனையைப் பத்திப் பேசினேன்."

அவருக்குக் கோபம் வந்தது. நான் என்ன குறை வைத்தேன்? யாருக்கு அதிகம் கொடுத்தேன்? ஆண்டவர்முன் கை சுத்தமாக நிற்பேனே. இதையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு சக்கரத்தை ஓட்டினார்.

மத்தியானம், காலையில் கண்ணாடி வாங்கிப் போன ஒரு டீச்சரம்மா திரும்பி வந்தார். வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை, படியில் தடுக்கி விழப்போனேன் என்றார். பரிசோதிக்கும் அம்மா கண்ணாடியை வாங்கி அளவுக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன சார் இது? இடது கண்ணு பவரையே ரெண்டு பக்கமும் போட்டு வச்சிருக்கீங்க?"

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. அவர் சீட்டைப் பார்த்தார். இரண்டு எண்களும் தெளிவாக, வேறு வேறாக இருந்தன.

"ரெண்டு கண்ணும் ஒரே மூஞ்சியிலதான் இருக்கு, அதுக்காக இப்படியா? உங்க நியாயத்துக்கு அந்தம்மா பல்லு போயிருக்கும்." அந்த அம்மா கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணாடிக்காரர் முகம் போன போக்கைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "உடம்பு சரியில்லையா சார்?"

"என் மகளைப் பார்க்கப் போகணும்மா."

வலது லென்ஸைச் சரியாகத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தார். டீச்சரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போனார்.

பஸ்ஸில் அவர் நினைத்ததெல்லாம் சபையில் நூறு முறை கேட்ட உவமைதான். வீட்டைவிட்டு ஓடிப்போன இளையவன் திரும்பி வந்தபோது ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட அதே தகப்பன், கோபித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்ற மூத்தவனிடமும் எழுந்து போனார். ஒருவனிடம் ஓட்டம், மற்றவனிடம் கெஞ்சல். ஒரே அளவு கொடுக்க நினைத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கைகுலுக்கலோடு முடித்திருக்கலாம். காணாமல் போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போன மேய்ப்பனையும் நினைத்துப் பார்த்தார். பாரபட்சம் என்றால் அதைவிடப் பெரிய பாரபட்சம் உண்டா? பிரசங்கத்தில் இதைக் கேட்டுக் கண் துடைக்கிறவர்கள்தான் வீட்டுக்கு வந்ததும் தராசைத் தூக்குகிறார்கள். மழைபோலக் கொட்டுகிறவனுக்கும் திக்கித் திக்கிப் பேசுகிறவளுக்கும் ஒரே பத்து நிமிடத்தை அளந்து கொடுத்து, அதற்கு நியாயம் என்று பெயர் வைப்பது அளக்கிறவனுக்கு வசதி. அளக்கப்படுகிறவளைக் கேட்டால் வேறு பெயர் சொல்வாள், சொல்லி முடிக்க விட்டால்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"இ... இன்னிக்கு ஞா... ஞாயிறு இல்லையே."

"தெரியும்மா."

வழிவிட்டாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலோரம் மாத்திரை அட்டைகள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்தார்.

அவள் சொல்லத் தொடங்க நெடுநேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுக்கும்போது நர்ஸ் கேட்டாளாம், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று. யாரும் வரவில்லை, ஆனால் அப்பா இருக்கிறார் என்று சொல்ல நினைத்தாளாம்.

"அ... அ..."

அவருக்குத் தெரியும் அது என்ன சொல் என்று. நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"அ... அப்பான்னு வ... வரவே இல்ல. அவ அ... அடுத்த ப... படுக்கைக்குப் போ... போய்ட்டா. பா... பாரத்துல யா... யாரும் இல்லைன்னு எ... எழுதிட்டா."

இவ்வளவுதான் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கினாளா, அழுதாளா, தெரியவில்லை. மன்னித்தாளா என்பதும் தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மாலை வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு ஏறியது. கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டிய நேரம் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கும். அது எந்தப் பிள்ளை என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் போய் உட்காருங்கள். தொண்டையில் நிற்கிற சொல் வந்து சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.