ஆத்தா வராத படம்

முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கிரீடம்தான். அட்டையில் செய்து தங்க நிறக் காகிதம் ஒட்டிய கிரீடம். நசுங்கிவிடக் கூடாது என்று ஜீப்பின் பின் சீட்டில் தனியாக வைத்திருந்தார்கள். ஓர் ஆளின் இடத்தை அது அடைத்துக்கொண்டதால் உதவி கேமராமேன் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வைகாசி மாதம். நான் அப்போது ஒரு நாளிதழின் தர்மபுரி நிருபர். பென்னாகரம் பக்கம் பக்திப் படம் எடுக்கிறார்கள் என்று செய்தி சேகரிக்கப் போனவன், ஊரும் ஆட்களும் தெரிந்தவன் என்பதால் அவர்களோடே சுற்றத் தொடங்கிவிட்டேன்.

டைரக்டருக்கு நாற்பது வயது இருக்கும். ஈரக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரோடு பேசினாலும் அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பார். முதல் படம் ஓடவில்லை. இது இரண்டாவது. இதுவும் ஓடாவிட்டால் மூன்றாவது கிடையாது என்பது அவருக்கும் தெரியும், சேலத்திலிருந்து வந்திருந்த விநியோகஸ்தருக்கும் தெரியும். பென்னாகரம் டீக்கடையில் இருவரும் மோதிக்கொண்டதை இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து கேட்டேன்.

"எங்க ஏரியா பொம்பளைங்களை உங்களுக்குத் தெரியாது சார். ஆத்தா ஸ்கிரீன்ல வந்தாத்தான் கற்பூரம் ஏத்துவாங்க. கற்பூரம் ஏத்தலைன்னா மூணாம் நாள் படம் பொட்டிக்குள்ள."

"அந்தப் பொம்பளைங்க அழுவுற அழுகையிலயே ஆத்தா இருக்கா சார். அதுக்கு மேல சூலத்தைத் தூக்கிட்டு ஒரு ஹீரோயின் வந்து நின்னா, எல்லாரும் ஹீரோயினைத்தான் பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே. அதுக்குத்தானே டிக்கெட் வாங்குறாங்க?"

கடைசியில் இரண்டையும் எடுப்பது என்று முடிவானது. கிரீடம் வைத்த அம்மன் வானத்தில் தோன்றும் காட்சி ஒரு பெட்டியில் தனியாக இருக்கும். எதைச் சேர்ப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "அதை ஒட்டுறதா இருந்தா என் பேரை எடுத்துடுங்க" என்று டைரக்டர் எழுந்து போனார். டீ அப்படியே இருந்தது.

படத்தின் உச்சக் காட்சி மழைச்சோறு. மழை இல்லாத வருஷம் எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பிழைக்க வழியில்லை, ஊரை விட்டுப் போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். அதைக் கேட்டு வானம் மனமிரங்க வேண்டும். டைரக்டர் துணை நடிகைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான்தான் அந்த ஊர்ப் பெண்கள் முப்பது பேரிடம் பேசினேன். அவர்களில் சோற்றுப் பானையைத் தூக்க வேண்டிய அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "போன மாசம் வூட்டுக்கு வூடு போயி நெசமாவே எடுத்தோமுங்க. ஒரு தூத்தல் இல்லை. நடிச்சா வருதான்னு பாத்துருவோம், வாங்கடி."

காலையில் பாறை மேல் கிரீடக் காட்சியை எடுத்து முடித்தார்கள். பதினொரு மணிக்கு ஒகேனக்கல்லில் ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய லாரி வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றது. டிரைவர் பாய் டேங்க் மேல் ஏறி ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அது நடிப்பாக இல்லை. பக்கத்தில் நின்ற லைட்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். டைரக்டர் கையைத் தூக்கினார். பாய் குழாயைத் திறந்தார். மழை விழுந்தது.

இத்தனை பேர் இத்தனை நாள் திட்டமிட்டதில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று அப்போது நடந்தது. இரண்டு மாதமாகக் குடிதண்ணீருக்கு மூன்று மைல் நடக்கும் ஊர் அது. மழையைக் கண்டு கைகூப்ப வேண்டிய பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டு, "அடியே, குடத்தை எடுங்கடி!" என்று எழுந்து ஓடினார்கள். பானை, குடம், சோற்றுச் சட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஏந்தினார்கள். ஒருத்தி முந்தானையை விரித்துப் பிடித்தாள். விநியோகஸ்தர் "கட்! கட்!" என்று கத்தினார். டைரக்டர் கேமராமேனின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார், நிறுத்தவில்லை. பானைக்கார அம்மா சோற்றைக் கொட்டிவிட்டுக் காலிப் பானையைத் தூக்கி, கேமராவுக்கு மேலே அண்ணாந்து பார்த்து, முகமெல்லாம் நீர் வழியக் கெஞ்சினார்: "பாய், இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்க பாய்!"

அந்த முகத்தைத்தான் டைரக்டர் படத்தில் வைத்தார். குரலை எடுத்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்தை மட்டும் விட்டார். பானையைத் தூக்கிப் பிடித்து, மேலே எதையோ பார்த்து உதடு அசைக்கும் ஒரு பெண். மேலே என்ன இருக்கிறது என்று படம் காட்டாது. இன்று பக்தித் தொடர்களில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அம்மன் ஒளி வட்டத்தோடு வந்து போகிறாள். நான் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன். அந்த முகத்தை அப்படிப் பார்க்க முடிந்ததில்லை.

விநியோகஸ்தர் ஒரே ஓர் ஆட்டம் விட்டுக்கொடுத்தார். அரூரில் முதல் நாள் மேட்னி மட்டும் டைரக்டர் வைத்தபடி ஓடும். கற்பூரம் எரியாவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கே அம்மன் காட்சியை ஒட்டிவிடுவார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருந்தார். அரங்கில் பாதிக்கு மேல் பெண்கள். முறுக்கு விற்கும் இடத்திலேயே கற்பூரமும் விற்றார்கள். நிறையப் பேர் வாங்கியிருந்தார்கள்.

மழை விழுந்தது. அந்த முகம் வந்தது. நான் திரையை விட்டுவிட்டு அரங்கைப் பார்த்தேன். ஒரு தீக்குச்சி கூட உரசப்படவில்லை. விசில் இல்லை, குலவை இல்லை. விநியோகஸ்தர் பெட்டியோடு எழுந்து ஆபரேட்டர் ரூம் படிக்கட்டுக்குப் போய்விட்டார். டைரக்டர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

படம் விட்டதும் பெண்கள் மெதுவாக வெளியே வந்தார்கள். ஒருவர் கையில் கற்பூரம் பிரிக்காமலேயே இருந்தது. விநியோகஸ்தர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வாங்கிட்டு வந்ததை ஏத்தலையா?"

"எங்கீங்க ஏத்தறது? ஆத்தா எதிர்லயே வந்து நிக்கறப்போ கை ஓடுமா?"

"ஆத்தா எங்கம்மா வந்தா?"

"நீங்க பாக்கலீங்களா? மஞ்சச் சீலை கட்டிக்கிட்டு."

பின்னால் வந்தவர் விடவில்லை. "மஞ்சளா? கண்ணைத் தொடைச்சுட்டுப் பாத்தியாடி நீ? பச்சை. நல்லாத் தழையத் தழைய."

"ஆமா, உனக்கு மட்டும் கிட்டக்க வந்து காட்டுனா!"

விநியோகஸ்தர் மேலும் மூன்று பேரைக் கேட்டார். மூன்று பேரும் பார்த்திருந்தார்கள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தியேட்டர் மேனேஜரைக் கூப்பிட்டார். "போஸ்டர்ல எழுதுய்யா. 'ஆத்தா எந்தச் சீலையில் வருகிறாள்? நேரில் வந்து காணுங்கள்!' சிவப்பு மசியில எழுது."

"இது ஏமாத்தாச்சே சார்" என்றேன்.

"நானா சொன்னேன்? அந்தம்மா சொல்லுது. என்னங்க டைரக்டர் சார்?"

டைரக்டர் அங்கே இல்லை. எதிரே புறப்படத் தயாராக நின்ற திருவண்ணாமலை பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்த பச்சைச் சீலை சொன்ன அம்மாவிடம் மூச்சிரைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அப்புறம்? கையில என்ன வெச்சிருந்தாங்க?"