எல்லா வகுப்புக்கும் ஒரே டீச்சர்

மைக்ராஸ்கோப்புக்கு சீட் பெல்ட் போட்டுத்தான் கூட்டி வருகிறார் லொரீன் வான்டர்வீல். துண்டு சுற்றி, துணிக்கூடைக்குள் வைத்து, வேனின் முன் இருக்கையில். பதினேழு வயது மகள் டெஸா பின்னால் இருக்கிறாள், உயிரியல் வகுப்பில் அறுத்துப் பார்ப்பதற்கான செத்த பன்றிக்குட்டி கிடக்கும் வாளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு. வியாழன் காலை எட்டே கால். சர்ச் வாசலில் நான் இன்னும் பனி தள்ளி முடிக்கவில்லை. "வழி விடுங்க மிஸ்டர் ஹூக்ஸ்மா, இது விழுந்தா வேற கிடையாது" என்கிறார். நான் விழுந்தால் மாற்று ஆள் உண்டு என்று அர்த்தம்.

எங்கள் சபையிலும் அக்கம்பக்கத்துச் சபைகளிலுமாக ஒன்பது குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கின்றன. உயர்நிலை வகுப்பு வந்துவிட்டால் எல்லாவற்றையும் சமையலறை மேசையில் சொல்லித்தர முடியாது. அதனால் வாரம் ஒரு நாள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சேர்ந்து படிக்கிறார்கள். பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடக் கூடாது, ஒவ்வொரு தாயும் ஒரு பாடம் நடத்த வேண்டும் என்பது விதி. சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதியவர் லொரீன்.

லொரீன் உயிரியல் எடுத்தார். வேதியியல் எடுத்த அம்மாள் சோதனைக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று அதையும் எடுத்துக்கொண்டார். அல்ஜீப்ரா மெதுவாகப் போனது, அதுவும் போயிற்று. கட்டுரை வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, அதுவும். மற்ற தாய்மாருக்கு மிஞ்சியது கழிப்பறை, பிஸ்கட், கார் நிறுத்துமிடம். நாற்காலித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சங்கம் கட்டியவன் நான். ஒரே ஆள் எல்லா வேலையும் செய்கிற கமிட்டி கமிட்டியே இல்லை. லொரீனின் மூத்த பையன் இங்கே படித்த காலத்திலிருந்து ஏழு வருடமாக இதைச் சொல்கிறேன். "மத்தவங்க ஒழுங்கா செஞ்சா நான் ஏன் செய்யறேன்?" என்பார். செய்ய விட்டால்தானே ஒழுங்கா இல்லையா என்று தெரியும்.

வகுப்பு ஜெபத்தோடு தொடங்கும். லொரீனின் ஜெபத்தில் அறிவிப்புகளும் உண்டு. "ஆண்டவரே, இன்னிக்கு நாலாம் பாடத்துல டெஸ்ட்டுங்கறத மறந்துட்டு வந்த பிள்ளைங்க மேல நீர் இரக்கமா இரும். நான் இருக்கப் போறதில்ல." பிள்ளைகள் மூடிய கண்ணைத் திறக்காமலே பையைத் துழாவுவார்கள். பன்றிக்குட்டியை அறுப்பது சர்ச் சமையலறை மேடையில். ஞாயிற்றுக்கிழமை காபிக் கோப்பைகளை வைப்பதும் அதே மேடையில்தான். மூன்று தடவை ப்ளீச் ஊற்றித் தேய்ப்பார், வேறு யாரையும் தேய்க்க விடமாட்டார். உழைப்பில் குறை சொல்ல வழியில்லை. அதுதான் கூடுதல் எரிச்சல்.

போதகர் கேட்டுக்கொண்டதால், அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று சொல்லித்தரும் அரசாங்கப் பாடம் மட்டும் என்னிடம் இருக்கிறது. போன செப்டம்பரில் கூட்டுப் பேரம், அதாவது தொழிலாளர்கள் ஒன்றாக நின்று முதலாளியிடம் பேசி வாங்குவது, என்றால் என்ன என்று நடத்தினேன். வெறும் பேச்சாக வேண்டாம், நிஜமான கோரிக்கை ஒன்றை எடுங்கள் என்றேன். பதினொரு பேரும் வேதியியல் வீட்டுப்பாடத்தை எடுத்தார்கள். பேசுவதற்கு டெஸாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் போய்த் தன் அம்மா முன்னால் நின்று, வாரத்துக்கு நாற்பது கணக்கை இருபத்தைந்தாகக் குறைக்க வைத்தாள். அடுத்த வியாழன் அவள் என் வகுப்பில் இல்லை. "நீங்க பாடம் நடத்துறீங்களா, ஸ்டிரைக் நடத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் லொரீன். அரசாங்கப் பாடத்தையும் வீட்டில் தானே நடத்திக்கொண்டார். டெஸா என்னிடம் படித்தது மூன்றே வாரம்.

இந்தப் பிப்ரவரியில் கல்லூரியிலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. டெஸா நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள். கல்லூரி பாதிக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுக்கும், அது கிடைக்காவிட்டால் போக முடியாது. அதற்கு ஓர் ஆசிரியரின் கடிதம் வேண்டும். அந்த ஆசிரியர் உறவினராக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான்கு வருடம், பதினாறு பாடம். அத்தனைக்கும் டீச்சர் பெற்ற தாய்.

லொரீன் முதலில், ஜன்னலில் நின்று பிஸ்கட் கொடுக்கும் ஜானெல்லிடம் போனார். ஜானெல் கல்லூரியில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவர்.

"ஒரு நாளாவது என்னை வகுப்புக்குள்ள விட்டிருந்தா எழுதியிருப்பேன், லொரீன். டெஸா எத்தனை பிஸ்கட் தின்பாங்கறதுதான் எனக்குத் தெரியும்."

மதிய இடைவேளையில் லொரீன் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. ஒரு மாணவியைப் பற்றித் தெரிந்துகொள்ள மூன்று வாரம் போதுமா என்று, யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார். போதும் என்றேன். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன் என்றும் சொன்னேன்.

"என்ன பாத்தீங்க?"

"பத்துப் பேருக்காக எழுந்து நின்னு பேசினா. குரல ஒசத்தல. எதிர்ல இருந்தது லேசுல மசியற ஆளில்ல. ஜெயிச்சுட்டு வந்தா."

"அதையா எழுதப் போறீங்க?"

"என்கிட்ட வேற என்ன இருக்கு? மிச்சத்தையெல்லாம் நீங்கதானே வெச்சுக்கிட்டீங்க."

லொரீன் படிவத்தை என் மேசையில் வைத்தார். மாணவரோ பெற்றோரோ கடிதத்தைப் பார்க்கக் கூடாது என்று அதன் தலைப்பிலேயே அச்சடித்திருந்தது. நீலக் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் எழுத ஆரம்பித்தேன். அந்தக் கதவில் முகம் தெரியும் உயரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. இடைவேளை முடிந்து பிள்ளைகள் நடையில் வரும் சத்தம் கேட்டது. கண்ணாடியின் ஓரத்தில் டெஸாவின் முகம் எட்டிப் பார்த்தது. உடனே நீலக் கம்பளிச் சட்டை போட்ட முதுகு ஒன்று நகர்ந்து வந்து கண்ணாடியை முழுக்க அடைத்தது. கடைசி வரியை எழுதி நான் உறையை ஒட்டும் வரை அந்த முதுகு திரும்பவில்லை.