காலையில் தானாகத் திறக்கும் பத்திரம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். நான் கேட்காமலே அந்த விண்டோ திரையில் வந்து நின்றது. படிக்காமல் மூடினேன். நான்கு வருடமாக அப்படித்தான் மூடுகிறேன். மூடிய கையோடு செல்போன் அடித்தது. மாதம்மாவின் கணவர் பேசினார். "விடியக்காலம் அவ போயிட்டா சார். தருமபுரி ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்குக் கொண்டாந்துட்டு இருக்கோம். வந்துருங்க." வருகிறேன் என்றேன். பத்து மணிக்குப் பத்திரம் எழுத வரச் சொல்லியிருந்தவர்களுக்கு வேறு நாள் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

அரூரிலும் சுற்று ஊர்களிலும் நிலம் வாங்கியவர், விற்றவர், பாகம் பிரித்தவர் பலருக்கு மாதம்மாவைத் தெரியும். என் பத்திர எழுத்து அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தட்டச்சு செய்தவர். நான் தாளில் கையால் எழுதிக் கொடுப்பேன், அவர் கம்ப்யூட்டரில் அடிப்பார், நான் படித்துக் காட்டுவேன், கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள். கடைசி ஒன்றரை வருடம் அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தருமபுரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, மிச்ச நாட்களில் ஒன்பதரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். வர வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அவர் இல்லாமல் எனக்கு ஓடாது.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி ஒரு பேச்சு நான்கு வருடமாக உலவுகிறது. தீர்த்தகிரியின் பத்திரத்தில் வரியை விட்டவர் மாதம்மா என்று. அது பொய். கிளப்பிவிட்டவன் நான். அதைச் சொல்லாமல் அவருடைய பொறுமை, உழைப்பு என்று நான் எதை எழுதினாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பிழையும் தட்டச்சுப் பிழைதான். சர்வே எண்ணை நான் தப்பாக எழுதியிருப்பேன், கிழக்கை மேற்காக்கியிருப்பேன். பின்னால் அதைச் சரிசெய்யப் பிழைதிருத்தல் பத்திரம் போடும்போது, "முந்தைய ஆவணத்தில் தட்டச்சுப் பிழை காரணமாக" என்றுதான் ஆரம்பிப்போம். என் ஒருவனின் வழக்கம் அல்ல இது, இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் அப்படித்தான் எழுதுவோம். அந்த வரியையும் மாதம்மாதான் அடிக்க வேண்டும். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த வாரம் நான் மூணு தப்புப் பண்ணியிருக்கேன் சார். மூணும் உங்க கையெழுத்துலயே இருக்கு." நானும் சிரித்தேன். அப்போது அது எங்களுக்குள் ஒரு கேலி, அவ்வளவுதான்.

தீர்த்தகிரி சித்தேரி மலையடிவாரத்தில் மரவள்ளி போடுகிற விவசாயி. கோவிந்தன் என்பவரிடமும் அவர் தம்பியிடமும் ஒன்றேகால் ஏக்கர் வாங்கினார். பத்திரம் எழுதிய அன்று கோவிந்தன் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "எங்க நெலத்து வழியா வண்டி போற தடத்தையும் சேத்து எழுதிருங்க. பின்னால பேச்சு வரக்கூடாது" என்று அவரே சொன்னார். நான் தலையாட்டினேன். எல்லை விவரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து, தடத்தை விட்டுவிட்டு நேராகக் கிணற்றுப் பங்குக்குப் போய்விட்டேன். நான் எழுதியதை மாதம்மா ஒரு எழுத்து மாறாமல் அடித்தார். அன்று எனக்கு அவசரம். படித்துக் காட்டியதில் யாருக்கும் பிடிபடவில்லை.

ஐந்து வருடம் வண்டி போய்வந்தது. பிறகு தீர்த்தகிரி வங்கிக் கடனுக்குப் போனபோது, பத்திரத்தைப் பார்த்த வக்கீல் தடம் இல்லையே என்றார். கோவிந்தன் ஆளைப் பிடித்து வேண்டுமென்றே தடத்தை எடுக்க வைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருவரையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நான் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். வாய் பழக்கத்தில் வந்தது: "டைப்பிங்ல விட்டுப்போச்சு." எல்லோரும் மாதம்மாவைப் பார்த்தார்கள். அவர் கை தட்டச்சுப் பலகையில் ஒரு கணம் நின்றது. பிறகு அடித்துக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தார்.

வந்தவர்கள் போனபிறகு பழைய கட்டைப் பிரித்து என் கையெழுத்துத் தாளைத் தேடினேன். தடம் அதிலேயே இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தாளை வாங்கி மடித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். டைப்பிங் என்று நான் சொன்ன பிறகும் கோவிந்தன் மேல் இருந்த பேச்சு அடங்கவில்லை. மறுவாரம் அவர் தடத்தின் குறுக்கே முள்வேலி போட்டார். செய்யாத தப்புக்குத் திருடன் பட்டம் வாங்கிய பிறகு, பத்திரத்தில் இல்லாத தடத்தை எதற்கு விட வேண்டும் என்பது அவர் கேள்வி. தீர்த்தகிரி வீட்டார் கிழங்கு மூட்டைகளைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

அந்த விண்டோ முதன்முதல் வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு ஆவணம் தானாகத் திறந்தது. நான் மூடினேன். மறுநாளும் வந்தது. வைரஸ் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சரிசெய்கிற சதீஷைக் கூப்பிட்டேன். வைரஸ் தேடினார், ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் போட்டவுடன் தானாக ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்து, வேண்டாதவற்றை எல்லாம் நிறுத்தினார். ஒருநாள் நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலை அது மறுபடி வந்து நின்றது. இரண்டாம் முறை சதீஷ் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு மொத்தத்தையும் அழித்து விண்டோஸ் புதிதாகப் போட்டார். அரை நாள் வேலை கெட்டது. மூன்றாம் நாள் காலை மறுபடியும் அதே பக்கம்.

மூன்றாம் முறை வந்த சதீஷ் சலித்துப்போய், ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். "இது ஸ்டார்ட்டப் ஃபோல்டர் சார். இதுல எதப் போட்டாலும் கம்ப்யூட்டர் போட்டதும் தானா தொறக்கும். அந்த ஃபைலோட ஷார்ட்கட் இதுல இருக்கு, பாருங்க. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டது. வைரஸ் போட்டதில்லீங்க, ஆள் போட்டது." சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவது மாதம்மா. சதீஷ் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபின் கேட்டேன். "ஏம்மா, நீயா போட்ட?"

"ஆமாங்க சார்."

"எதுக்கு?"

"மிஷின் தானா ஒண்ணும் பண்ணாதுங்க. யாரோ சொன்னதத்தான் பண்ணும். மூடறதுக்கு முன்னாடி ஒருக்கா படிங்க."

அன்றுதான் படித்தேன். தீர்த்தகிரிக்கான பிழைதிருத்தல் பத்திரத்தின் வரைவு அது. தடத்தின் நீளம், அகலம், யார் யார் போய்வரலாம் என்பதெல்லாம் சுத்தமாக அடித்திருந்தார். ஒரே இடம் மட்டும் காலியாக இருந்தது. "முந்தைய ஆவணத்தில்", அப்புறம் ஒரு நீளமான கோடு, அப்புறம் "காரணமாக விடுபட்டுவிட்டபடியால்". எத்தனையோ பத்திரங்களில் தன் தலையில் தானே போட்டுக்கொண்ட 'தட்டச்சுப் பிழை' என்ற அந்த இரண்டு சொல்லை, இந்த ஒன்றில் அவர் அடிக்கவில்லை. மூடினேன். நினைத்திருந்தால் அந்த ஷார்ட்கட்டை நானே அழித்திருக்கலாம், சதீஷ்தான் இடத்தைக் காட்டிவிட்டாரே. அதற்கும் தைரியம் வரவில்லை.

அந்தப் பத்திரத்துக்கு நிலம் விற்றவர்களின் கையெழுத்து வேண்டும், மாதம்மா அதற்காக அலைந்தார். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் கோவிந்தனின் தம்பி போனிலேயே சரி என்றுவிட்டார். கோவிந்தனிடம் மாதம்மா மூன்று முறை போனார். மூன்றாம் முறை, டயாலிசிஸ் முடிந்த மறுநாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். கால் வீங்கியிருந்தது. பிறகு சொன்னார்: "கையெழுத்துப் போட மாட்டேன்னு அவரு சொல்லல சார். எழுதினவரு வந்து, 'தடத்த எழுதச் சொல்லி கோவிந்தன் சொன்னாரு, நான்தான் விட்டுட்டேன்'னு ஊர்க்காரங்க முன்னாடி சொல்லட்டும்ங்கறாரு. ஒரு வார்த்தை சார்." முப்பது வருடப் பேரை ஒரு வார்த்தையில் கொடுக்கச் சொல்கிறாயா என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. "என் பேரும் பத்தொம்பது வருசப் பேருதானுங்க" என்றார். அன்று பேசியதுதான். அதன்பிறகு அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் தினமும் காலையில் திறந்தது.

நானும் போகாமலே இருந்தேன். அவருக்கு உடம்பு தேறட்டும், வேலை குறையட்டும், மழை விடட்டும் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்தது. வயது அறுபத்திரண்டு, எனக்கும் முட்டி வலி, எதற்கு இந்த வம்பு என்றுகூட நினைத்தேன். சோம்பலையும் பயத்தையும் அயர்ச்சி என்று சொல்லிக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது. உண்மையில் அயர்ந்துபோயிருந்தவர் என் எதிரில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்.

துக்கத்துக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தீர்த்தகிரி எனக்கு முன்பே வந்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "தங்கமான பொம்பள. என்ன, டைப்புலதான் அப்பப்ப தப்பு வருமாம்." நான் அவரைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. மாதம்மாவின் கால்மாட்டில் மாலையை வைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்துவிட்டேன். அங்கே நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். போட்ட ஆள் இல்லை என்று அதற்குத் தெரியாது. அதே பக்கம் வந்தது, அதே கோடு. அவருடைய இழுப்பறையைத் திறந்தேன். மடித்த தாள் மேலாகவே இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தீர்த்தகிரியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் சாயங்காலப் பால் ஊற்ற இருபது முப்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கோவிந்தனும் கேனோடு நின்றார். தாளை விரித்து அவர் கையில் கொடுத்தேன். "இது என் கையெழுத்து. தடத்த எழுதுங்கன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் எழுதல. உங்க மேலயும் தப்பில்ல, அந்தம்மா மேலயும் தப்பில்ல" என்றேன். பால் அளப்பவர் அளவையைக் கீழே வைத்துவிட்டார். கோவிந்தன் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"இத அந்தம்மா இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கலாமில்லீங்க?"

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தம்பிய வரச் சொல்றேன். அடுத்த வாரம் வியாழக்கெழம கையெழுத்துப் போடறோம்" என்றார். அன்று இருட்டுவதற்குள் அவரே போய் முள்ளை இழுத்துப் போட்டதாகத் தீர்த்தகிரி பிறகு போனில் சொன்னார்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை அந்தப் பக்கம் திறந்தபோது நான் மூடவில்லை. மாதம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். கோடு இருந்த இடத்தில், "ஆவணம் எழுதியவரின் கவனக்குறைவு" என்று வந்தது. மூன்று சொல் அடிக்கக் கால் மணி நேரம் ஆனது. வியாழக்கிழமை பதிவு முடிந்தது. வேலை முடிந்ததே, அந்த ஷார்ட்கட்டை எடுத்துவிடட்டுமா என்று ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த சதீஷ் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மாதம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அவர் அடித்த பத்திரம் திறக்கிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். அவர் அடித்ததில் பிழை ஒன்றுகூட இல்லை. அதன்பிறகுதான் மூடுகிறேன்.